மூன்று முறை கேட்ட ஸ்கோர்

"ஞாயிறு. இரவு மழை, தரை ஈரம். மாட்டுங்கா மைதானம். தொடக்கம் 6.50, முடிவு 8.15. ஸ்கோர் 11-9, எங்கள் பக்கம் வெற்றி. 9-8இல் ஒரு மோதல்: நானும் ஜிலேபியும். அவள் ஃபவுல் கேட்டாள். நான் மறுத்தேன். டிஸ்க் திரும்பப் போனது. அதன் பிறகு ஜிலேபி மூன்று முறை ஸ்கோர் கேட்டாள்."

மூன்று மழைக்காலங்களுக்கு முந்தைய ஓர் ஆகஸ்ட் மாதத்தில் என் நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதிய குறிப்பு இது. தேதியும் அதில் இருக்கிறது. ஒரு வீட்டாரின் பொருட்டு அதை இங்கே தரவில்லை. இதை எழுதியபோது மணி பதினொன்று. செம்பூரில் என் வீட்டு மேசையில், குளித்து, இட்லி சாப்பிட்டு, நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். எழுதி முடித்ததும் வழக்கம்போல ஒரு முறை படித்துப் பார்த்தேன். கடைசி வரியில் கண் நின்றுவிட்டது. அங்கே தொடங்கியது என் பயம்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். நான் ஓர் அலுவலகத்தில் பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் பிரிவில் வேலை பார்ப்பவன். நாற்பத்து மூன்று வயதில் ரத்தத்தில் சர்க்கரை என்று வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். தனியாக நடப்பது எனக்கு அலுத்துப்போனது. அப்போதுதான் மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சிலர் பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வீசி விளையாடுவதைப் பார்த்தேன். அல்டிமேட் ஃபிரிஸ்பி என்றார்கள். அந்தத் தட்டுக்கு டிஸ்க் என்று பெயர். பக்கத்துக்கு ஏழு பேர், ஆணும் பெண்ணும் கலந்து. எதிர்ப் பக்கத்தின் கடைசிக் கோட்டைத் தாண்டி நம் ஆள் டிஸ்க்கைப் பிடித்தால் ஒரு புள்ளி. தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஆள் வருவார்கள். கல்லூரிப் பெண்ணும், தையல் பட்டறைக்காரரும், என்னைப் போன்ற தொப்பைக்காரனும் ஒரே பக்கத்தில் ஓடலாம்.

இந்த ஆட்டத்தில் என்னை இழுத்தது அதன் ஒரு விதி. நடுவர் கிடையாது. யார் மீதாவது யாராவது மோதினால், மோதப்பட்டவர் "ஃபவுல்" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் நின்ற இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். மோதியவர் ஒப்புக்கொள்ளலாம். இல்லையென்றால் "கான்டெஸ்ட்" என்று மறுக்கலாம். மறுத்தால் சண்டை இல்லை. டிஸ்க் வீசியவரிடமே திரும்பப் போகும், ஆட்டம் தொடரும். மனிதர்களின் நேர்மையை மட்டும் நம்பி நடக்கும் ஆட்டம் என்று அலுவலகத்தில் எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. வந்த முதல் மாதத்திலேயே பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். ஃபோனில் பதிவதும் அதே பெயரில்தான். வந்தவர், வராதவர், தாமதம், அதற்கான காரணம், ஸ்கோர் என எல்லாவற்றையும் நோட்டில் எழுதியதால் நான் ரிஜிஸ்டர். அவள் வீசும் டிஸ்க் நேராகப் போகாமல் சுற்றிச் சுற்றிப் போய் விழுவதால் அவள் ஜிலேபி. இருபது வயதிருக்கும். தாராவிப் பெண். எங்களில் அதிக வேகம் அவளுக்குத்தான். அதிகத் தாமதமும் அவளுக்குத்தான்.

அன்று அவள் எதிர்ப் பக்கம். கோட்டருகே அவளுக்கு வந்த டிஸ்க்கைத் தட்டிவிட நான் பாய்ந்தேன். இருவரும் ஒரே நேரத்தில் எழும்பினோம். என் தோள் எதிலோ இடித்தது. எழுந்து பார்த்தபோது அவள் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். காதுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, "ஃபவுல்" என்றாள்.

"கான்டெஸ்ட்" என்றேன் நான். என் கை டிஸ்க்கைத் தொட்ட பிறகே மோதல் நடந்தது என்று விதியை எடுத்துச் சொன்னேன். மற்ற பன்னிரண்டு பேரும் நின்ற இடத்தில் அசையாமல் நின்று கேட்டார்கள். அவளுக்கு எங்கே அடிபட்டது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. விதிப்படி எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. அவளும் எழுந்து, சிரித்து, "சரி, டிஸ்க் பேக்" என்று சொல்லிவிட்டு ஓடத் தொடங்கினாள்.

அடுத்த புள்ளி எங்களுக்கு. "ஸ்கோர் என்ன அண்ணே?" என்றாள். பத்துக்கு எட்டு என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "ஸ்கோர் என்ன அண்ணே?" என்றாள். சொன்னேன். அவர்கள் ஒரு புள்ளி எடுத்த பிறகு மறுபடியும் கேட்டாள். அப்போது எனக்கு எரிச்சல். "மூணு தடவை சொல்லியாச்சு. கவனம் எங்க இருக்கு?" என்றேன்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு பக்கத்தாரும் கலந்து, தோள்மேல் தோள் போட்டு வட்டமாக நிற்பது எங்கள் பழக்கம். அவள் என் பக்கத்தில் நின்றாள். ஆட்டத்தை விதிப்படி நடத்தியதற்காக எல்லோருக்கும் நன்றி சொல்லி நான்தான் சின்னதாக ஓர் உரை ஆற்றினேன். நான் பேசப் பேச அவள் கனம் முழுவதும் என் கைமேல் இறங்கியது. ஓடின களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது மேசைக்கு வருகிறேன். தலையில் அடிபட்டவர்கள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள், மண்டைக்குள் ரத்தம் கசிந்தாலும் சில மணி நேரம் நன்றாகவே நடமாடுவார்கள், பிறகு தூங்கிப்போவார்கள் என்று எப்போதோ படித்திருந்தேன். எத்தனையோ படித்து மறந்தவனுக்கு இது மட்டும் வரி வரியாக ஞாபகம் வந்தது.

அவள் எண்ணுக்கு அடித்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை ஸ்விட்ச் ஆஃப்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். "ஜிலேபி வீடு யாருக்குத் தெரியும்?" பதில் இல்லை. கேப்டன் என்று நாங்கள் கூப்பிடும் பெண்ணுக்கு அடித்தேன்.

"டென்ஷன் ஆகாதீங்க ரிஜிஸ்டர். சண்டே ஆச்சே, தூங்கிட்டிருப்பா."

"அதுதான் பயமா இருக்கு."

விஷயத்தைச் சொன்னதும் அவள் குரலும் மாறிவிட்டது. ஜிலேபியை அழைத்து வந்த தோழி புனேவுக்குப் போய்விட்டாள், எண் மாறிவிட்டது. தாராவிப் பையன்கள் இருவரும் ஊருக்குப் போகும் ரயிலில் இருந்தார்கள், சிக்னல் இல்லை. "அவ நெஜப் பேர் என்னங்க?" என்று கேப்டன் கேட்டாள். அதைக் கேட்கத்தான் நான் அவளுக்கு ஃபோன் செய்திருந்தேன்.

மூன்று வருட நோட்டுகளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஞாயிறு என்பதால் ரயில் பாதையில் பராமரிப்பு வேலை, வண்டிகள் ஓடவில்லை. ஆட்டோ பிடித்தேன். குர்லாவைத் தாண்டுவதற்குள் எத்தனை சிக்னல் என்று இன்றும் சொல்வேன். மடியில் நோட்டை விரித்து, ஜிலேபி என்ற பெயர் வரும் வரிகளைத் தேடித் தேடிப் படித்தேன். எல்லாமே அவள் மீதான புகார்கள்.

"ஜிலேபி, 12 நிமிடம் தாமதம். காரணம்: குழாயில் தண்ணீர் ஆறு மணிக்குத்தான் வந்ததாம்."

"ஜிலேபி, 9 நிமிடம் தாமதம். காரணம்: வீட்டுக்குக் கீழே பெல்ட் பட்டறைக்குச் சரக்கு வந்து வழியை அடைத்துவிட்டதாம்."

"ரமலான், மாலைப் பயிற்சி. ஜிலேபி பாதியில் போனாள். காரணம்: வீட்டுக்கு எதிர்ப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க வேண்டுமாம்."

"ஜிலேபி, 40 நிமிடம் தாமதம். காரணம்: வீட்டு இரும்பு ஏணியை வெல்டிங்குக்கு எடுத்துப் போய்விட்டார்களாம், மாடியிலேயே மாட்டிக்கொண்டாளாம். (நம்பும்படி இல்லை. உறுதி இல்லை.)"

உறுதி செய்யாத எதையும் நான் உறுதி இல்லை என்று குறிப்பேன். அலுவலகப் பழக்கம். ஆக, என் கையில் இருந்தது இவ்வளவுதான்: ஒரு பெல்ட் பட்டறை, எதிரே ஒரு பள்ளிவாசல், நான் நம்பாத ஓர் ஏணி.

சயானில் இறங்கி நடந்தேன். தாராவிக்குள் அதற்கு முன் ஓரிரு முறை போயிருக்கிறேன், பை தைக்கக் கொடுக்க. அதுவும் பெரிய ரோட்டோடு சரி. அன்று உள்ளே நுழைந்த சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மேலே தார்ப்பாய், வயர்கள். காலடியில் சாக்கடைப் பலகை. தோல் வாசனை மாறிப் பசை வாசனை, அது மாறி மீன் குழம்பு. எதிரே பள்ளிவாசல் இருக்கும் பெல்ட் பட்டறையை நான் கேட்ட ஒவ்வொருவரும் வேறு வேறு திசையைக் காட்டினார்கள். ஒவ்வொரு திசையிலும் அப்படி ஒன்று இருந்தது. ஒவ்வொன்றின் மேலேயும் ஒரு மாடி. நான் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பார்த்தால் கால் பின்னியது. எங்கோ ஒரு மாடியில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருக்கிறாள், வீட்டில் இருப்பவர்கள் சத்தம் போடாமல் நடக்கிறார்கள், பாவம் தூங்கட்டும் என்று. இந்தக் காட்சிதான் திரும்பத் திரும்ப எனக்குள் ஓடியது.

ஐந்தாவதோ ஆறாவதோ பட்டறையில் ஒருவர் பக்கிள் அடித்துக்கொண்டிருந்தார். தமிழர் என்று பேச்சில் தெரிந்தது.

"பெல்ட்டுப் பட்டறைன்னா இங்க எண்ணிக்கிட்டே போகலாம் அண்ணாச்சி. பேரு என்ன சொல்லுங்க."

"பேரு தெரியாது. தட்டு வீசி விளையாடுற பொண்ணு."

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேரு தெரியாத பொண்ணத் தேடி வந்தியளாக்கும். யாரு நீங்க?"

அந்தப் பார்வையும் நியாயம்தான். வேறு வழியில்லாமல், "அவங்க வீட்டு ஏணியை ஒரு தடவை வெல்டிங்குக்கு..." என்று ஆரம்பித்தேன். ஆள் சட்டென்று சிரித்துவிட்டார்.

"அடே, அந்த ஏணி வீடா! தாயும் மவளும் மேலேர்ந்து ஒரே சத்தம். கயித்துல கட்டி டீ ஏத்திவிட்டதே நாந்தான். கடைசியில அந்தப் புள்ள சன்னல் வழியா குதிச்சிட்டுல்லா! வெளையாட லேட்டாகுதாம், அங்க ஒரு அண்ணன் எழுதிப் போடுவாராம்." பின்னால் திரும்பி, "ஏ, ஏக் மினிட் மே ஆத்தா ஹூம்" என்று, ஒரு நிமிஷத்தில் வருவதாகக் கூட்டாளியிடம் இந்தியில் கத்திவிட்டு எனக்கு முன்னால் நடந்தார். எழுதிப் போடுகிற அண்ணன் நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

நான்கு சந்து தள்ளி அந்த ஏணி இருந்தது. கிட்டத்தட்ட நேர்க்குத்தாக. கீழிருந்து மூன்றாவது படியில் வெல்டிங் தழும்பு, பெயின்ட் அடிக்காமல் அப்படியே. மேலே போய்க் கதவைத் தட்டினேன். ஓர் அம்மா திறந்தார்.

"யாரு? யாரத் தேடுதிய?"

கூட விளையாடுகிறவன், பார்க்க வேண்டும் என்றேன்.

"தூங்குதா. தலை வலிக்குன்னா, வந்ததும் படுத்துட்டா. மழையில ஆடிட்டு வந்தா இப்படித்தான் கெடப்பா. போன் அடிச்சிக்கிட்டே கெடந்துச்சு, புள்ள முழிச்சிருவான்னு நாந்தான் அமத்தி வச்சேன்."

எழுப்புங்கள் என்றேன். இன்னும் கொஞ்சம் தூங்கட்டுமே என்றார். நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து அவள் அண்ணன் வந்தான். அவன்தான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அசைவில்லை. கன்னத்தில் தட்டினான். தண்ணீர் தெளித்தான். "ஏ புள்ள, எந்திரி, உம்மாவப் பாரு" என்று அந்த அம்மா கூப்பிட்ட குரல் ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கண் பாதி திறந்தது. என் பக்கம்தான் திரும்பியது. ஆனால் என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"ஸ்கோர் என்ன அண்ணே?" என்றாள். உடனே வாந்தி எடுத்தாள்.

அந்த ஏணியில் அவளை எப்படி இறக்கினோம் என்பதை நான் வரிசையாகச் சொல்ல முடியாது. அண்ணன் தன் முதுகில் அவளைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டான். கீழே பட்டறையில் இருந்த நான்கு பேர் கைகளை உயர்த்தி நின்றார்கள். நான் மேலிருந்து ஒரு கையால் ஏணியையும் மறு கையால் அவள் தலையையும் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினேன். மூன்றாவது படியில் கால் வைத்தபோது, தாங்கு, தாங்கு என்று அந்த வெல்டிங்கைக் கெஞ்சினேன். சந்து வாய் வரை தூக்கிக்கொண்டு ஓட்டம். அங்கிருந்து ஆட்டோ.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் சீட்டு எழுதுபவர் என்னைப் பார்த்து, "நாம்?" என்று இந்தியில் பெயரைக் கேட்டார். நான் வாய் திறந்தேன். ஜிலேபி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பின்னாலிருந்து அவள் உம்மா முழுப் பெயரையும் தகப்பனார் பெயரையும் சொன்னார். அன்றுதான் முதல் முறையாக அந்தப் பெயரைக் கேட்டேன்.

ஸ்கேனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வராந்தாத் தரையில் உட்கார்ந்தோம். அண்ணன் கேட்டான், "எப்படி அடிபட்டுச்சு?"

பொய் சொல்லலாம். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. சேற்றில் வழுக்கி விழுந்தாள் என்றால் போதும். அந்த நினைப்பு வந்தது உண்மை. "என் தோள்தான் பட்டுச்சு" என்றேன். "அவ ஃபவுல்னு சொன்னா. நான் இல்லைன்னேன்."

"அம்பயர் என்ன சொன்னாரு?"

"அம்பயர் கிடையாது. நாங்களே சொல்லிக்குவோம்."

"அப்ப நீங்களே இல்லைன்னு சொல்லிட்டிய. நல்ல ஆட்டம்தான்."

அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் எழுந்து தள்ளிப்போய் நின்றுகொண்டான். அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. வீட்டை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். தண்ணீர், சரக்கு, கஞ்சி, ஏணி எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"மூணு வருசமா எங்க வீட்டு ஏணி வரைக்கும் எழுதி வச்சிருக்கிய. எம் புள்ள பேரை எழுதலியே."

மாலை நான்கரைக்கு ஒரு டாக்டர் வந்தார். மண்டைக்குள் சின்னக் கசிவு, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், இரண்டு நாள் கண்காணிப்போம், அதிகமானால் திறக்க வேண்டி வரும் என்றார். அந்த இரண்டு நாளும் நான் அலுவலகம் போகவில்லை. கேப்டனும் மற்றவர்களும் முறை வைத்து வந்தார்கள். ஸ்ட்ரெச்சரின் சக்கரச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளைத்தான் உள்ளே கொண்டுபோகிறார்களோ என்று எழுந்து நிற்பேன். மூன்றாம் நாள் காலை அவள் பன்னும் டீயும் கேட்டாள் என்று அண்ணன் வந்து சொன்னான். "டீயில சர்க்கரை பத்தலைன்னு சண்டை போடுதா" என்றான். என்னிடம் அவன் தானாக வந்து பேசியது அதுதான் முதல் தடவை.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிறு அவள் மைதானத்துக்கு வந்தாள். டாக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை, சும்மா பார்க்க. என் நோட்டைக் கேட்டாள். அவள் இந்தியில் படித்தவள். தமிழ் எழுத்து கூட்டித்தான் படிப்பாள். "நீங்களே வாசிங்க அண்ணே" என்றாள். அவளுடைய தாமதங்களை எல்லாம் அவள் எதிரிலேயே ஒவ்வொன்றாக வாசித்தேன். 'நம்பும்படி இல்லை' என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பிறகு அந்த ஆகஸ்ட் பக்கம் வந்தது.

"ஃபவுல் கேட்டனா? நெசமாவா? எனக்கு அன்னைக்குக் காலைல ஒண்ணுமே ஞாபகம் இல்ல அண்ணே. டிரெயின் ஏறுனது கூட."

"கேட்டே. நான் கான்டெஸ்ட் பண்ணினேன். இப்ப வாபஸ் வாங்கிக்கிறேன்."

யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "எனக்கே ஞாபகம் இல்லாத ஃபவுல நான் எப்படி வாங்கிக்கிறது? வேணாம். அப்படியே இருக்கட்டும்."

இப்போது என் நோட்டின் முதல் பக்கத்தில் எல்லோருடைய சொந்தப் பெயரும், வீட்டுக்கு வழியும், வீட்டில் ஒருவரின் ஃபோன் எண்ணும் இருக்கின்றன. தாமதத்துக்கான காரணத்தை இன்றும் எழுதுகிறேன். நம்பும்படி இல்லை என்று எழுதுவதில்லை. யாராவது விழுந்தால், ஃபவுலா இல்லையா என்று பேசுவதற்கு முன் எங்கே பட்டது என்று கேட்கிறோம். அவள் மறுபடியும் விளையாட வந்து இரண்டு வருடமாகிறது. அவள் என்னிடம் ஸ்கோர் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ ஒன்று நின்று, பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. எத்தனை முறை கேட்டாலும் சொல்கிறேன்; எத்தனையாவது முறை என்பதையும் எண்ணிக்கொள்கிறேன்.

அந்த ஆகஸ்ட் பக்கத்தின் கீழே பின்னால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். என் கை முதலில் டிஸ்க்கைத் தொட்டதா, என் தோள் முதலில் அவள் தலையைத் தொட்டதா: உறுதி இல்லை.